விறைப்பு வேறு, பிடிப்பு வேறு

செமோரில் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா லோரி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். படித்து முடித்த பிள்ளை இப்போது ஈப்போவில் வேலை செய்கிறார். பல ஆண்டு ஆசைக்குப் பிறகு பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கியிருக்கிறார்.

வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கார் வேலைக்குப் போகிறது. சனிக்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில், சந்தை, உறவினர் வீட்டு விசேஷம். வருடத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறது. பகல் முழுக்க அங்கே ஓடிவிட்டு, இரவு அதே சக்கரத்தில் வீடு திரும்புகிறது.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. காரின் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். கூட்டாளி சொல்கிறார்: “நல்லா கீழ இறக்கிடு மச்சான். கட்டை மாதிரி ஸ்பிரிங் போடு. அப்பதான் ரேஸ் காரு மாதிரி நிக்கும்.” அம்மா சொல்கிறார்: “இப்பவே ஒவ்வொரு மேட்டுக்கும் இடுப்புல உயிர் போகுதுப்பா. இன்னும் குலுங்குனா நான் பஸ்லயே போயிக்கிறேன்.”

இந்த இருவரில் யார் சொல்வது சரி? இதுதான் கேள்வி. விடை கேட்டால் கூட்டாளிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அம்மா சொல்வதில்தான் பொறியியல் அதிகம் இருக்கிறது.

ஒரு கார், மூன்று சாலை

எந்தப் பொருளையும் வாங்குமுன் அது எங்கே உழைக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் காருக்கு மூன்று வகைச் சாலை.

முதலாவது, வீட்டைச் சுற்றியுள்ள சாலை. தாமானுக்குள் வேகத்தடைகள். பழைய தோட்டப் பகுதிகளுக்குப் போகும் வழியில் ஒட்டுப்போட்ட தார்ச்சாலை, சில இடங்களில் செம்மண். சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையில் லோரிகள் அழுத்திய பழைய முதலாம் எண் கூட்டரசு சாலை. காரின் வாழ்நாளில் பெரும்பங்கு இங்கேதான் கழியும்.

இரண்டாவது, மலைச்சாலை. ஜெலப்பாங்கிலிருந்து கோலகங்சார் நோக்கி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் மெனோரா சுரங்கப்பாதை வரும். அதன் இரு பக்கமும் ஏற்றம், இறக்கம், நீண்ட வளைவுகள். பாரம் ஏற்றிய லோரிகள் ஊர்ந்து ஏறும். மாலை மழை பிடித்துக்கொண்டால் சாலையே தெரியாது. பேராக் மக்களுக்கு இந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, பந்தயத் தடம். செப்பாங் தடம் 1999-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பார்முலா 1 பந்தயம் 2017 வரை அங்கே நடந்தது. தளம் அகலமானது, சீரானது. குழி கிடையாது, வேகத்தடை கிடையாது, எதிரே லோரி வராது.

இந்த மூன்றாவது சாலைக்கு மட்டும் காரைத் தயார் செய்துவிட்டு, முதல் இரண்டில் தினமும் ஓட்டுவது, பந்திக்குப் போட்ட பட்டுச் சட்டையோடு வயலில் இறங்குவது போன்றது. சட்டையும் கெடும், வேலையும் நடக்காது.

காண்டா கம்பு சொல்லும் பாடம்

சஸ்பென்ஷன் என்றதும் பலரும் “அப்சார்பர்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் அது ஒரு குடும்பம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு.

தோட்டத்தில் காண்டா கம்பைத் தோளில் வைத்து இரு பக்கமும் பால் வாளி தூக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். வாளியின் பாரத்தைக் கம்பு தாங்குகிறது. நடக்கும்போது வளைந்து நிமிர்கிறது. காரில் இந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங். காரின் பாரத்தைத் தாங்குவது அதுதான், அப்சார்பர் அல்ல.

ஆனால் கம்பு மட்டும் இருந்தால் போதுமா? வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து ஆடிக்கொண்டே இருந்தால் பால் தளும்பிக் கொட்டிவிடும். பழகிய ஆள் தன் நடையாலும் கையாலும் அந்த ஆட்டத்தை அடக்குகிறார். காரில் அந்த அடக்கும் கைதான் அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

மூன்றாவது ஆள், இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேடு ஏறினால் அது குறுக்கிடுவதில்லை.

நான்காவது, புஷ் எனப்படும் ரப்பர் துண்டுகள். இரும்புக் கையும் காரின் உடலும் சந்திக்கும் இடத்தில் இருப்பவை. அங்கே ரப்பர் செத்துவிட்டால், ஆயிரக்கணக்கில் செலவழித்து என்ன மாட்டினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

ஐந்தாவது, எல்லாருக்கும் மேலானது, டயர். சாலையைத் தொடுவது அது ஒன்றுதான். நான்கு டயரும் சேர்ந்து சாலையில் பதியும் இடம் ஏறக்குறைய நான்கு உள்ளங்கை அளவு. மற்ற எல்லாப் பாகமும் இந்த நான்கு உள்ளங்கையைத் தரையோடு வைத்திருக்கத்தான் உழைக்கின்றன.

இங்கேதான் கூட்டாளியின் கணக்கு தவறுகிறது. அவர் விறைப்பைப் பிடிப்பு என்று நினைக்கிறார். விறைத்த கார் மேட்டில் துள்ளும். துள்ளுகிற டயருக்குத் தரையோடு தொடர்பு இல்லை. தொடர்பு இல்லாத டயருக்குப் பிடிப்பும் இல்லை.

மலேசியாவுக்கு உலகப் பெருமை தேடித் தந்த புரோட்டோன் கார் எது? 2002-ல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனார். மண்சாலையில் ஓடும் ரேலி கார்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு போவதில்லை. உயரமாக நிற்கும். சக்கரம் மேலும் கீழும் போக நிறைய இடம் இருக்கும். கெட்ட சாலையில் வேகம் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

கணக்கு பொய் சொல்லாது

ஒரு முன் சக்கரத்தின் மேல் 250 கிலோ பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் இருக்கும் இடத்தில் ஸ்பிரிங்கின் பலம் ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ. அதாவது 2 கிலோ வைத்தால் 1 மில்லிமீட்டர் அமுங்கும். அப்படியானால் கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 125 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். இந்தக் காரைத் தட்டிவிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 1.4 தடவை ஆடும். மனிதன் நிதானமாக நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் தாளத்துக்கு இது பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்கிறது.

இப்போது 4 கிலோ ஸ்பிரிங் போடுகிறோம். அமுங்குவது 62 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆட்டம் விநாடிக்கு 2 தடவை ஆகிறது. இறுக்கம் தெரியும். ஆனாலும் தாங்கலாம். தினமும் ஓடும் விளையாட்டுக் காருக்கு இது ஏறக்குறைய மேல் எல்லை.

கூட்டாளி சொன்ன கட்டை ஸ்பிரிங் 8 கிலோ. அமுங்குவது 31 மில்லிமீட்டர்தான். ஆட்டம் விநாடிக்கு 2.8 தடவை. மனித உடம்புக்கு மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் தொல்லை தருவது விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரை ஆடும் அதிர்வு. 8 கிலோ ஸ்பிரிங் அந்த எல்லையை நோக்கிப் போகிறது. அம்மாவின் இடுப்பு வலிக்கு இதுதான் விளக்கம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலம் இரண்டு மடங்கு ஆனால் ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகிறது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும் இடம் நேர்பாதியாகிறது. அந்த இழப்பு குழியில் விழும்போதுதான் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். பெட்டியில் எழுதியிருக்கும் பலம் வேறு, சக்கரத்துக்குக் கிடைக்கும் பலம் வேறு. முன்பக்க மெக்பெர்சன் அமைப்பில் ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தோடு சேர்ந்தே நகரும். அதனால் இரண்டும் நெருக்கமாக இருக்கும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் கையின் நடுவில் உட்கார்ந்திருந்தால் நிலைமை மாறும். சக்கரம் 10 மில்லிமீட்டர் நகர ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் நகர்கிறது என்றால், சக்கரத்துக்குக் கிடைப்பது எழுதிய பலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே “அவன் காரில் 6 கிலோ போட்டான், நானும் 6 கிலோ போடுகிறேன்” என்பது அடுத்தவர் செருப்பை அளவு பார்க்காமல் மாட்டிக்கொள்வது போன்றது.

கீழே இறக்கினால் என்ன ஆகும்?

காரைத் தாழ்த்தினால் எடையின் மையம் தாழும், வளைவில் நன்றாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு?

1,000 கிலோ கார். எடையின் மையம் தரையிலிருந்து 500 மில்லிமீட்டர். இரு சக்கரங்களுக்கு இடையே அகலம் 1,450 மில்லிமீட்டர். கார் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு வளைகிறது. அப்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறக்குறைய 276 கிலோ மாறுகிறது. காரை 25 மில்லிமீட்டர் இறக்கினால் அது 262 கிலோ ஆகிறது. லாபம் 14 கிலோ. நூற்றுக்கு ஐந்து. நல்லதுதான், ஆனால் வித்தை இல்லை.

இன்னொரு உண்மையும் இதில் ஒளிந்திருக்கிறது. அந்த 276 கிலோ, ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறதா மென்மையாக இருக்கிறதா என்பதைப் பார்த்து மாறுவதில்லை. எடை மையத்தின் உயரம், காரின் அகலம், வளையும் வேகம் இவைதான் அதை முடிவு செய்கின்றன. ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசரும் செய்வது, அந்த எடையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிப்பது, சாய்வைக் கட்டுப்படுத்துவது. கார் குறைவாகச் சாய்வதைப் பார்த்துப் பிடிப்பு கூடிவிட்டது என்று நம்புவது கண்ணின் ஏமாற்று.

அதற்கும் மேல் இறக்கினால் நஷ்டம் தொடங்குகிறது. மெக்பெர்சன் அமைப்பில் கீழ்க்கை தரைக்குச் சமமாகவோ, வெளிமுனை சற்றுக் கீழே சாய்ந்தோ இருக்க வேண்டும். காரை அளவுக்கு மீறி இறக்கினால் அந்த முனை மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். விளைவு, அழகுக்காக இறக்கிய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். மெனோரா இறக்கத்தில், மழையில், பக்கத்தில் லோரி வரும்போது அப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதிலும் கொடுமை, ஸ்பிரிங்கை வெட்டுவது. செலவில்லாத வழி என்று சிலர் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மீதி ஸ்பிரிங் நூற்றுக்கு 20 விறைப்பாகிவிடும். அப்சார்பர் பழைய பலத்திலேயே இருக்கும். அதனால் ஆட்டம் அடங்காது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். மிச்சம் பிடித்த பணம் ஒரு நாள் உயிரிடம் கணக்குக் கேட்கும்.

கோயம்புத்தூரில் இறங்கியது 4 மில்லிமீட்டர்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பந்தயக் கார்களில் அனுபவம் பெற்ற கோயம்புத்தூரின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாட்டா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி என்ற சிறிய விளையாட்டுக் காரைக் கொண்டு வந்தது. டர்போ எஞ்சின், 114 குதிரைச் சக்தி. சஸ்பென்ஷனையும் தனியாகச் சீரமைத்தார்கள்.

பந்தயம் தெரிந்தவர்கள் அந்தக் காரை எவ்வளவு இறக்கினார்கள்? 4 மில்லிமீட்டர். நான்கு விரல் அல்ல, நான்கு மில்லிமீட்டர். ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றினார்கள். அகலமான டயர் கொடுத்தார்கள். இந்தியச் சாலையின் குழியும் மேடும் அவர்களுக்குத் தெரியும். 2020-ல் அந்தக் காரின் விற்பனை நின்றுபோனது. ஆனாலும் அது சொல்லிக்கொடுத்த பாடம் நிற்கிறது.

நம் இளைஞரின் சத்ரியா ஜிடிஐக்கும் அதே வரலாறு உண்டு. புரோட்டோன் 1996-ல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. 1990-களின் இறுதியில் வந்த 1.8 லிட்டர் ஜிடிஐயின் சஸ்பென்ஷனைச் சீரமைத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். லோட்டஸின் மரபு என்னவென்றால், ஸ்பிரிங் அளவோடு மென்மையாக இருக்கட்டும், அடக்கும் வேலையை நல்ல அப்சார்பர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. ஆக, நம்மவர் கையில் இருப்பது ஏற்கெனவே அறிந்தவர்கள் தேர்ந்தெடுத்த அமைப்பு. ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. அதைத் தூக்கி எறியுமுன் அதன் இளமையைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

எதை முதலில் மாற்றுவது?

கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு பங்கு, தேய்ந்த பாகங்களுக்கு. கீழ்க்கை புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், அப்சார்பரின் மேல் மவுன்டிங். பழைய காரில் இவை செத்திருக்கும். ஸ்டீயரிங் தளர்ச்சியும் மேட்டில் கடகட சத்தமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

அடுத்த மூன்று பங்கு, டயருக்கும் பிரேக்குக்கும். சஸ்பென்ஷன் பற்றிப் பேசும்போது பிரேக் எதற்கு என்று கேட்கலாம். செப்பாங்கில் நீண்ட நேர்ச்சாலைகளின் முடிவில் கூர்மையான வளைவுகள் உண்டு. அங்கே முதலில் கைவிடுவது பிரேக்தான். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே தடத்துக்குப் போகுமுன் புதிய எண்ணெய் கட்டாயம்.

அடுத்த நான்கு பங்கு, அப்சார்பருக்கும் ஸ்பிரிங்குக்கும். இதில் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஒரிஜினல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு தரமான புதிய அப்சார்பர் மட்டும் போடுவது. செலவு குறைவு. அம்மாவுக்கு நிம்மதி. தடத்துக்கு வருடத்தில் ஒரு நாள் போகிறவருக்கு இதுவே போதும்.

இரண்டு, 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை இறக்கும் விளையாட்டு ஸ்பிரிங்கையும், அதற்கென்றே பொருத்தம் பார்த்த அப்சார்பரையும் சேர்த்து வாங்குவது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அப்சார்பரைப் பிறகு பார்க்கலாம் என்பது கூடாது. இந்த இரண்டும் கணவன் மனைவி போல. ஒருவரின் பலம் அறிந்து மற்றவர் நடக்க வேண்டும். செமோர் இளைஞருக்கு இந்த வழிதான் பொருத்தம்.

மூன்று, உயரம் திருத்தக்கூடிய கோயிலோவர். பட்டறைகளில் “அட்ஜஸ்டபல்” என்று சொல்லப்படுவது. வாங்குவதானால், கீழ் உடலைத் திருகி உயரம் மாற்றும் “பாடி ஷிஃப்ட்” வகையாக இருக்கட்டும். அதில் காரை இறக்கினாலும் அப்சார்பர் நகரும் இடம் குறையாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகும் மலிவு வகையில் ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கமும் அந்த இடத்தைத் தின்றுவிடும். ஸ்பிரிங் பலம் என்ன, உதிரிப் பாகம் கிடைக்குமா, எண்ணெய் கசிந்தால் பிரித்துச் சரிசெய்ய உள்ளூரில் ஆள் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் விடை சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய அப்சார்பர் மலிவுதான். ஆனால் அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் மூடியைப் பழையதாக வாங்கலாம். அடக்கும் கையைப் பழையதாக வாங்கக்கூடாது.

மீதி ஒரு பங்கு, அலைன்மென்ட்டுக்கு. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு இதை விட்டுவிட்டால் புதிய டயர் சில மாதத்தில் வழுக்கையாகும். முன் சக்கரத்தின் மேல்பகுதி ஒன்றரை பாகை அளவு உள்ளே சாய்ந்திருந்தால் தடத்துக்கும் உதவும், தினசரி ஓட்டத்துக்கும் தாங்கும். டயரை வேகமாகத் தின்பது இந்தச் சாய்வைவிட, சக்கரங்கள் முன்னோக்கி ஒன்றையொன்று பார்ப்பதும் விலகுவதும்தான். அதை நேராக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெபிலைசர் எங்கே? அது கடைசியில். முன் சக்கரம் இழுக்கும் கார் வேகமாக வளைந்தால் வெளிப்பக்கம் நழுவும். பின்பக்கம் தடித்த ஸ்டெபிலைசர் போட்டால் அந்தக் குணம் குறையும், கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். உலர்ந்த தடத்தில் அது இன்பம். நனைந்த மலைச்சாலையில், வளைவின் நடுவில் பயந்து எண்ணெய் மிதியை விட்டால், அதே கம்பி பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். அப்பாவோ தங்கையோ அந்தக் காரை எடுத்து ஓட்டக்கூடும் என்றால், பின் கம்பியில் பேராசை வேண்டாம்.

பெரிய ரிம்மும் அப்படித்தான். எடை கூடிய ரிம் மேட்டில் ஏறி இறங்க அதிக நேரம் எடுக்கும். நல்ல அப்சார்பர் சம்பாதித்துக் கொடுத்ததைக் கனமான ரிம் செலவழித்துவிடும்.

தடத்தில் ஒரு நாள்

திருத்தும் குமிழ் உள்ள அப்சார்பர் வாங்கியவர் செய்யும் முதல் தவறு, தடத்துக்குப் போனதும் கடைசிவரை இறுக்குவது. பால்மரம் வெட்டிய பாட்டியைக் கேட்டால் சொல்வார். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும். நல்ல வெட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குமிழும் அப்படியே. நடுவில் தொடங்கி, ஒரு சமயத்தில் முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்றை மட்டும் இரண்டு சொடுக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

டயரின் காற்றும் முக்கியம். ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் கூடும். சில சுற்றுகள் ஓடி வந்ததும் அளந்து, கூடியதை விட வேண்டும். மாலையில் வீடு திரும்புமுன் மீண்டும் சாலைக்கான அளவுக்கு நிரப்ப வேண்டும். இதை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து. கூடவே சக்கரத்தின் நட்டுகளை முறுக்குமானி வைத்துச் சரிபார்ப்பதும் கடமை. அந்தக் கார் அவரை 250 கிலோமீட்டர் தாண்டி வீட்டில் சேர்க்க வேண்டும் அல்லவா?

சட்டமும் காப்புறுதியும்

இது பலரும் கடைசியில் நினைப்பது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது. காரின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் எது அனுமதிக்கப்படும், எதற்கு ஒப்புதல் தேவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கே தடையாகலாம்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண கார் காப்புறுதி பொதுவாகப் பந்தயத்தையும் பந்தயத் தடத்தில் ஓட்டுவதையும் ஏற்பதில்லை. அங்கே கார் நொறுங்கினால் செலவு சொந்தக் கையிலிருந்துதான். மாதாமாதம் கடன் கட்டும் காரை எடுத்துக்கொண்டு தடத்தில் இறங்குபவர், அந்தக் கார் இல்லாமல் மறுநாள் வேலைக்கு எப்படிப் போவோம் என்பதையும் யோசித்துவிட்டு இறங்க வேண்டும்.

சாலையைத் தடம் ஆக்குவது பற்றிப் பேசவே தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. வேகம் பார்க்கத்தான் செப்பாங் இருக்கிறது. மெனோரா வளைவு அதற்காக இல்லை. அங்கே எதிர்ப்படுவது அடுத்த வீட்டுக் குடும்பம்.

முடிவு யார் கையில்?

இப்போது மறுபடியும் அந்த இளைஞரிடம் வருவோம். அவர் புஷ்களை மாற்றிவிட்டார். நல்ல டயர் போட்டுவிட்டார். பொருத்தமான ஸ்பிரிங்கும் அப்சார்பரும் மாட்டி, 20 மில்லிமீட்டர் மட்டும் இறக்கியிருக்கிறார். பட்டறையிலிருந்து கார் வந்ததும் கூட்டாளி குனிந்து பார்க்கிறார். “என்ன மச்சான், இறங்கின மாதிரியே தெரியலையே?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் அம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, தாமான் வேகத்தடைகளைத் தாண்டி, லோரி அழுத்திய பள்ளங்களைக் கடந்து, மருத்துவமனை வாசலில் நிறுத்துகிறார். அம்மா இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, “காரை மாத்திட்டேன்னு சொன்னியே, எப்பப்பா மாத்தப் போறே?” என்று கேட்டால், வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். செப்பாங்கின் 15 வளைவிலும் அந்தக் கார் நன்றாகத்தான் நிற்கும்.